பூ இருக்கும்போது மருந்து அடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வசந்தம் வந்ததை எனக்கு முதலில் சொல்வது கோழிகள்தான். பகல் நீள நீள முட்டை கூடும், வெளிச்சம் 14 மணி நேரத்தைத் தொட்டால் கூடை நிறைந்துவிடும். அடைக்கு உட்கார்ந்த கோழி ஒன்று, இரைக்கு மட்டும் எழுந்து 21 நாள் காத்து, போன வாரம் குஞ்சு பொரித்தது. ஓட்டுக்குள்ளிருந்து வரும் அந்தக் கீச்சுச் சத்தத்தைக் கேட்க விடியும் முன்பே போய் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம்தான் அந்த வேதனை. ஆப்பிள் மரங்கள் பூத்திருக்கின்றன, குளிர் விலகி வெயில் ஏறினால்தான் தேனீக்கள் வெளியே வரும், சரியாக அந்த நேரத்தில் பக்கத்து நிலத்தில் பூச்சிமருந்து அடித்தார்கள். மறுநாள் தேனீப் பெட்டி வாசலில் குவியலாகச் செத்துக் கிடந்தன. மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. பூ உதிரும்வரை பொறுக்கலாம், முடியாவிட்டால் பொழுது சாய்ந்து தேனீக்கள் கூடு திரும்பிய பிறகு அடிக்கலாம், முந்தின நாளே ஒரு வார்த்தை சொன்னால் பெட்டிகளை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவோம். அவர்கள் மரம் காய்க்கவும் இதே தேனீக்கள்தானே வர வேண்டும்!

பூக்காலம் முடிவதற்குள் இதை உங்கள் விவசாயப் பக்கத்தில் தயவுசெய்து போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சிறு விவசாயி