சாட்சிப் பக்கத்தில் எங்களுக்கும் இடமுண்டா?

அன்புள்ள ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம். உங்கள் கிறிஸ்தவப் பத்திரிகையின் சென்ற இதழில், ஜெபித்துப் பெற்ற நன்மைகளை வாசகர்கள் எழுதும் சாட்சிப் பக்கத்தில், புதுவீடு கட்டிய சகோதரர் எழுதியதைப் படித்தேன். வீடு கிடைத்ததில் சந்தோஷம், கர்த்தர் அந்தக் குடும்பத்தை ஆசீர்வதிக்கட்டும். ஆனால் அந்தக் கடைசி வரி: “விசுவாசித்தோம், பெற்றுக்கொண்டோம், பெறாதவர்கள் தங்கள் விசுவாசத்தைச் சோதித்துப் பார்க்கட்டும்.” அவர் ஏதோ ஆர்வத்தில் எழுதிவிட்டார், போகட்டும். அதை எடுத்துப் பெட்டி கட்டி, தடித்த எழுத்தில் போட்டது நீங்கள்தானே ஐயா?

சரி, சோதித்துப் பார்த்துவிட்டேன். என் கணவருக்குச் சிறுநீரகம் பழுதாகி, டயாலிசிஸுக்குத் தூத்துக்குடிக்கும் வீட்டுக்குமாக அலைந்த காலத்தில், வெளியூர் ஊழியக்காரர் ஒருவர் ஜெபிக்க வந்தார். ஜெபத்துக்கு முன்னாலேயே, “அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது வீட்டில் இருக்கிறதா?” என்று கேட்டார். படுத்திருந்த என் கணவர், “யோபுவிடமும் மூன்று பேர் வந்து இதைத்தான் கேட்டார்கள் ஐயா” என்றார். குற்றமில்லாமல் பாடுபட்ட யோபுவைப் பார்த்து, நீ பாவம் செய்திருப்பாய் என்ற சிநேகிதர்களைத்தான் சொன்னார். வந்தவருக்கு முகம் மாறிவிட்டது. தட்டில் வைத்திருந்த காணிக்கையை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

என் கணவர் குணமாகவில்லை. ஆனால் கடைசி மாதத்தில் எங்கள் சேகரத்துப் போதகர் ஐயர் வீட்டுக்கே வந்து நற்கருணை அப்பமும் திராட்சரசமும் கொடுத்தார். சாப்பாடு எதுவும் இறங்காமல் இருந்த மனுஷன், அன்றைக்கு வயிறு நிறைய உண்டு எழுந்தவர் மாதிரி தெளிந்து கிடந்தார். கீர்த்தனை பாடச் சொன்னார், பாடினோம். இதை உங்கள் சாட்சிப் பக்கத்தில் எந்தத் தலைப்பில் போடுவீர்கள்? வீடு, கார், விசா, இன்ஜினியரிங் சீட் என்று நீங்கள் வைத்திருக்கும் நாலில் ஒன்றிலும் இது சேராதே.

வருஷப் பிறப்புக்கு வசனம் அச்சடித்துக் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜனவரி இதழோடு எரேமியா 29:11-ஐ அழகாக அச்சடித்து அனுப்பினீர்கள். தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள். நல்ல வசனம்தான். பாபிலோனுக்குச் சிறைபோன ஜனங்களுக்கு எரேமியா எழுதி அனுப்பின கடிதம் அது. அதற்கு மேலே பத்தாம் வசனம் ஒன்று இருக்கிறது. பாபிலோனில் எழுபது வருஷம் ஆகட்டும், அப்புறம்தான் திரும்பக் கூட்டிவருவேன் என்கிறார் கர்த்தர். அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் முக்கால்வாசிப் பேர் அங்கேயே செத்திருப்பார்கள். அதை அட்டையில் போட்டால் யார் வாங்கி மாட்டுவார்கள் என்கிறீர்களா? நியாயம்தான்.

யோவான் ஆறாம் அதிகாரம் உங்களுக்குத் தெரியாததா? ஐந்தப்பத்தைப் பெருக்கி ஐயாயிரம் பேருக்குக் கொடுத்த மறுநாள் தேடி வந்தவர்களிடம், அப்பம் தின்று திருப்தியானதனாலேயே என்னைத் தேடி வருகிறீர்கள் என்று ஆண்டவர் முகத்துக்கு நேரே சொன்னார். அழிந்துபோகிற போஜனத்துக்காக உழைக்காதீர்கள், நானே ஜீவ அப்பம் என்றார். சீஷர்களிலேயே அநேகர் பின்வாங்கிப் போனார்கள். போகிறவர்களைப் பிடித்து நிறுத்த அவர் இன்னொரு தரம் ஐந்தப்பத்தைப் பெருக்கவில்லை. இன்றைய கன்வென்ஷன் கமிட்டியாக இருந்திருந்தால் பெருக்கச் சொல்லித் தீர்மானமே போட்டிருப்பார்கள்.

எனக்கு உறுத்துவது இன்னொன்றும் உண்டு. 1876–78 பஞ்ச காலத்தில் திருநெல்வேலிச் சீமையில் ஊர் ஊராக மக்கள் சபையில் சேர்ந்தார்கள். இடையன்குடியில் மிஷனெரி கால்டுவெல் ஐயர் இருந்த காலம் அது. அன்றிலிருந்து நம்மை, அரிசிக்காகச் சேர்ந்தவர்கள் என்ற பொருளில், ‘அரிசிக் கிறிஸ்தவர்கள்’ என்று ஏசினார்கள். நான் சிறுபிள்ளையாக இருந்தபோது அது பால் பவுடராக மாறியிருந்தது. “பால் பவுடருக்காக வேதத்துக்குப் போனவங்க” என்று பள்ளிக்கூடத்திலேயே கேட்டிருக்கிறேன். அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தால் அம்மா பெரிதாக எதுவும் சொல்லமாட்டாள். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போடுவாள், அவ்வளவுதான். அது மிஷனெரிப் பணிக்கான காணிக்கை. அப்பா பனையேறி, பதநீர் நின்றுபோன மாதங்களில் எங்கள் வீட்டில் ஒருவேளைதான் அடுப்பெரியும். அப்போதும் அந்தப் பானைக்குப் பிடி அரிசி உண்டு. வாங்குவதற்காக வந்தவள் கொடுப்பாளா?

வெள்ளாளன்விளையில் பிறந்து, பின்னாளில் பேராயரான அசரியாவும் அவருடைய கூட்டாளிகளும் 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கித் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பினார்களே, அதற்குப் பணம் கொடுத்தவர்கள் எல்லாம் பங்களாக்காரர்களா? அரிசிக்காக வந்தவர்கள் என்று ஊர் சொன்னதை அந்த ஜனங்கள் தங்கள் வாழ்க்கையால் பொய்யாக்கினார்கள். நீங்கள் மாதாமாதம் சந்தா வாங்கிக்கொண்டு அதை மெய்யாக்குகிறீர்கள். அரிசி காராகிவிட்டது, வேறொன்றுமில்லை.

பின்னட்டை மனை விளம்பரத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்றிருந்தேன். பாலும் தேனும் ஓடுகிற தேசம், பைபாஸுக்குப் பக்கத்தில், சென்ட் கணக்கில்! அச்சுக்கூலி ஏறிவிட்டது என்பீர்கள். இருக்கட்டும்.

கோபத்தில் பத்திரிகையை நிறுத்திவிடலாம் என்றாலும் முடியவில்லை. ஆயுள் சந்தா கட்டியவர் என் கணவர். அவருடைய ஆயுள் முடிந்தும் உங்கள் இதழ் அவர் பெயருக்கே வந்துகொண்டிருக்கிறது.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். நடுப்பக்கத்தில் முன்பு வந்துகொண்டிருந்த வேதபாடத்தை மறுபடி போடுங்கள். சுவிசேஷங்களை அதிகாரம் அதிகாரமாக நடத்திக்கொண்டு வந்தீர்கள், சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிட்டீர்கள். இடமில்லை என்றால் சாட்சிப் பக்கத்தில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். மீதிப் பாதியில் எப்போதாவது, கேட்டது கிடைக்காமலே ஆலயத்துக்கு வந்துகொண்டிருக்கிறவர்கள் யாரையாவது எழுதச் சொல்லுங்கள். எங்கள் சபையிலேயே நாலைந்து பேரைக் காட்டுகிறேன். எழுத்தையும் கொஞ்சம் பெரிதாகப் போட்டால் உபகாரமாக இருக்கும். தடித்த எழுத்து வேண்டாம்.

இப்படிக்கு,
கிறிஸ்துவுக்குள் சகோதரி,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை,
சாத்தான்குளம் வட்டாரம்.
(பெயர் போட வேண்டாம். சேகரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.)