முதலில் பரிசோதனை, பிறகு மாத்திரை: மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மருத்துவமனை நிர்வாகிகளுக்கும், சிகிச்சைச் செலவுக் கோப்புகளில் கையெழுத்திடும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். பெங்களூரு அல்சூரிலிருந்து எழுதுகிறேன். உங்கள் குழந்தைகள் வார்டில் ஏ.எல்.எல். ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் ஒரு சிறுமியின் தாய்மாமன் நான். மருத்துவமனையின் பெயரை இங்கே எழுதவில்லை. கோப்பு உங்கள் மேஜைக்கு வந்து போனதுதானே, எது என்று உங்களுக்கே தெரியும்.

அந்தக் கோப்பு போன வாரம் திரும்பி வந்தது. கீமோ மாத்திரை எந்த அளவில் ஒத்துக்கொள்ளும் என்று காட்டும் என்யூடிடி15 மரபணுப் பரிசோதனைக்கு வெளி லேபில் நாங்கள் கட்டிய பணத்தைக் கேட்டிருந்தோம். 'ஆராய்ச்சி சார்ந்த பரிசோதனை, சிகிச்சைக்கு அவசியமில்லை' என்று ஓரத்தில் எழுதி முத்திரை குத்தியிருக்கிறீர்கள். பணம் போனால் போகட்டும், எப்படியோ புரட்டிக்கொள்வோம். அந்தக் குறிப்பை எழுதியவர் எங்கள் பிள்ளையின் கேஸ் ஷீட்டை ஒரு தடவையாவது புரட்டியிருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார் என்பதுதான் என் ஆதங்கம்.

கடுமையான கீமோவெல்லாம் முடிந்து நோய் திரும்பாமலிருக்க மாத்திரை கொடுக்கும் மெயின்டெனன்ஸ் கட்டத்துக்கு வந்திருந்தாள். முடி திரும்ப வளர்ந்து, ரெட்டைப் பின்னல் போடச் சொல்லி அம்மாவை நச்சரிக்கிற அளவுக்கு வந்திருந்தது. தினமும் இரவு சிக்ஸ் எம்.பி. (மெர்காப்டோபியூரின்) என்ற கீமோ மாத்திரை ஆரம்பித்த சில வாரங்களில் அந்த முடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடந்தது. வாயெல்லாம் புண், ரசம் சாதம்கூட இறங்கவில்லை. அப்புறம் காய்ச்சல். ஏஎன்சி, அதாவது கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்களின் கவுண்ட், ஏறக்குறைய பூஜ்யம். தனி அறை, ஆன்டிபயாடிக், பிளேட்லெட், ராத்திரி முழுக்க விழித்திருத்தல். இதற்கு முன் ஒரு கட்டத்தில் இதே மாத்திரை கொடுத்தபோதும் கவுண்ட் விழுந்தது. அப்போது கூடப் போன மற்ற கீமோ மருந்துகளின் மேல் பழி போனது.

இந்த முறை பழி என் தங்கை மேல். "மாத்திரையைச் சரியாக உடைத்துக் கொடுத்தீர்களா? ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்துவிட்டீர்களா? வெளியில் ஏதாவது வாங்கிக் கொடுத்தீர்களா?" ஷிப்ட் மாறி வந்த ஒவ்வொருவரும் கேட்டார்கள். 50 மில்லிகிராம் மாத்திரையை எந்த நாள் முழுசாக, எந்த நாள் பாதியாகக் கொடுத்தாள் என்று தேதி போட்டு எழுதி வைத்திருக்கிற நோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். யாரும் வாங்கிப் பார்க்கவில்லை.

அதற்கு முன்னாலும் அவளைக் கேட்டிருக்கிறீர்கள். சேர்த்த முதல் நாளே "சொந்தத்தில் கல்யாணமா?" என்ற கேள்வி. ஆமாம், அத்தை மகனைத்தான் கட்டினாள். கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே அதைக் குறித்துக்கொண்டீர்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று யாரும் விளக்கவில்லை. அது வார்டிலிருந்து வீட்டுக்கு வந்து, வீட்டிலிருந்து உறவுக்காரர்களிடம் போனது. இரண்டு பக்கமும் ஒரே குடும்பம் என்பதால் எந்தப் பக்கத்து ரத்தத்தைக் குறை சொல்வது என்று தெரியாமல், எல்லோருமாகச் சேர்ந்து அவளையே சொன்னார்கள்.

ஒருவர் உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேசியிருக்கலாம். குழந்தைகளின் ஏ.எல்.எல். அபாயத்தைக் கூட்டும் பொதுவான மரபணு மாறுபாடுகளை 2009இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் கண்டறிந்தன: ஐகேஇசட்எஃப்1, ஏஆர்ஐடி5பி, சிஇபிபிஇ என்ற மரபணுக்களின் பக்கத்தில். ஒவ்வொன்றும் அபாயத்தைக் கொஞ்சம்தான் கூட்டுகிறது. அவற்றைச் சுமக்கும் கோடிக்கணக்கானவர்களுக்கு இந்த நோய் வருவதே இல்லை. பல குழந்தைகளுக்கு முதல் பிழை கருவிலிருக்கும்போதே ரத்த அணுவில் ஏற்படுகிறது, அது அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ வந்ததல்ல. டி.பி.53 போன்ற மரபணுக்களில் பரம்பரையாக வரும் கோளாறுகள் உண்டு, ஆனால் அவை சிறுபான்மை. இதைச் சொல்ல ஆராய்ச்சிக்கூடம் தேவையில்லை. தமிழில் கேட்கவில்லை, கன்னடத்திலேயே சொல்லுங்கள். எங்களுக்குக் கன்னடம் நன்றாகத் தெரியும், புரியாதது உங்கள் ஆங்கிலச் சுருக்கெழுத்துத்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முடி கொட்டுவதைப் பார்த்துச் சந்தேகப்பட்டவர் ஓர் இளம் டாக்டர். அவர் சொல்லித்தான் வெளியே பரிசோதனை செய்தோம். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று வரும் என்யூடிடி15 மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் மாறுபாடு. சிக்ஸ் எம்.பி. உடம்புக்குள் போய் மாறி, பெருகும் அணுக்களின் டிஎன்ஏவுக்குள் நுழைந்து அவற்றைக் கொல்கிறது. அப்படி மாறிய மருந்தை மட்டுப்படுத்தும் நொதியை உண்டாக்குவது இந்த மரபணு. அது வேலை செய்யாத குழந்தைக்கு வழக்கமான அளவே விஷம். கடுமையாக முடி கொட்டுவதும், வெள்ளணுக்கள் சரிவதும் இதன் அடையாளங்கள் என்று பதிவாகியிருக்கிறது. 2018இல் புதுப்பிக்கப்பட்ட சர்வதேச வழிகாட்டி நெறிமுறை, வழக்கமாக ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 75 மில்லிகிராமில் தொடங்கும் இந்த மருந்தை இப்படிப்பட்டவர்களுக்கு 10 மில்லிகிராமில் தொடங்கச் சொல்கிறது.

இதைக் கேட்டபோது "டிபிஎம்டி பார்த்தாச்சு, நார்மல்" என்றீர்கள். டிபிஎம்டியும் இதே மருந்தை மட்டுப்படுத்தும் இன்னொரு நொதிதான், ஆனால் அதன் கோளாறு ஐரோப்பியர்களிடம் அதிகம், நம் ஆட்களிடம் குறைவு. என்யூடிடி15 மாறுபாடு அதற்கு நேர் எதிர்: ஐரோப்பியர்களிடம் அபூர்வம், கிழக்காசியாவிலும் தெற்காசியாவிலும் சகஜம். நம்மில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் ஒரு பிரதியையாவது சுமக்கிறார். 2014இல் கொரியாவில், குடல் நோய்க்கு இதே வகை மருந்து எடுத்தவர்களிடம் கண்டுபிடித்தார்கள். அடுத்த வருடமே ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளிடமும் உறுதியானது. நீங்கள் செய்தது அடுத்தவர் காலுக்கு அளவெடுத்து எங்கள் பிள்ளைக்குச் செருப்பு தைத்த கதை.

என்னால் தாங்க முடியாதது இதுதான். சொந்தத்தில் கல்யாணம் என்று முதல் பக்கத்தில் எழுதினீர்களே, அப்படியானால் ஒரே மாறுபாடு இரண்டு பக்கமிருந்தும் வந்திருக்கக்கூடும் என்று ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டாமா? எங்கள் மரபணுவைப் பற்றிக் கேட்டதெல்லாம் குடும்பத்தைக் குடைவதற்குப் பயன்பட்டது. மாத்திரையின் அளவை முடிவு செய்யப் பயன்படவில்லை.

இத்தனைக்கும் இது எந்த ஊர்? பத்தாயிரம் இந்தியர்களின் மரபணுத் தொகுதியை வரிசைப்படுத்திய ஜீனோம் இந்தியா திட்டத்தை ஒருங்கிணைத்ததே இந்திய அறிவியல் கழக வளாகத்திலுள்ள மூளை ஆராய்ச்சி மையம்தான். 2025 ஜனவரியில் தரவை வெளியிட்டபோது நாமும் கைதட்டினோம். உயிரித் தொழில்நுட்பத்தின் தலைநகரம் என்று மாநாட்டுப் பேனர்கள் மேம்பாலம் முழுக்கத் தொங்குகின்றன. பேனர் அடித்த செலவில் எத்தனை பிள்ளைகளுக்கு இந்தப் பரிசோதனை செய்திருக்கலாம் என்று கணக்குப் போட ஆரம்பித்தால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது. ஊர் வம்பு போகட்டும், கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன், மன்னிக்கவும்.

சிக்ஸ் எம்.பி. தொடங்கும் முன் ஒவ்வொரு குழந்தைக்கும் என்யூடிடி15 பரிசோதனை செய்யுங்கள். டிபிஎம்டியோடு சேர்த்தே செய்யலாம், ஒரே ரத்த மாதிரி போதும். பிறவியிலேயே உள்ளது என்பதால் வாழ்நாளில் ஒரு முறை பார்த்தால் போதும். கீமோ ஆர்டர் படிவத்தில் அந்த முடிவுக்கு ஒரு கட்டம் போடுங்கள். அது காலியாக இருந்தால் பார்மசி கவுண்டரில் மாத்திரை தரக்கூடாது. பரிசோதனைச் செலவையும் சிகிச்சைச் செலவுத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். கவுண்ட் விழுந்து மாத்திரையை நிறுத்திய வாரங்களில், நோய் திரும்பி வந்துவிடுமோ என்று தூங்காமல் கிடக்கிற வேதனை அடுத்த குடும்பத்துக்கு வேண்டாம். முதலில் பரிசோதனை, பிறகு மாத்திரை. இவ்வளவுதான் கேட்கிறேன்.

அந்த இளம் டாக்டரின் பெயரையும் வேண்டுமென்றே எழுதவில்லை. இந்த மடலைப் படித்துவிட்டு அவரை அழைத்து விளக்கம் கேட்க வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பிள்ளை இப்போது குறைந்த அளவில் மாத்திரை எடுக்கிறாள், கவுண்ட் நிற்கிறது. பில்லை மறுபடியும் இணைத்திருக்கிறேன். இந்த முறையும் நிராகரிப்பதானால், ஓரக் குறிப்புக்குக் கீழே எழுதியவரின் பெயரும் பதவியும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு தாய்மாமன்
அல்சூர், பெங்களூரு