வீட்டுக் கணினியின் வேகமும் ஆன்டிவைரஸ் சோதனையும்: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அரசு மேல்நிலைப் பள்ளி,
காட்பாடி வட்டம், வேலூர் மாவட்டம்.

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் நம் கணினி ஆய்வகத்தில் பென் டிரைவைச் செருகியபோது, அதிலிருந்த ஃபோல்டர்கள் அனைத்தும் ஷார்ட்கட்டுகளாக மாறியிருந்தன. இது வைரஸ் தொற்றின் அறிகுறி. விசாரித்ததில், கணினி மெதுவாக ஓடுகிறதென்று வீட்டில் ஆன்டிவைரஸையே நிறுத்தி வைத்திருப்பது தெரியவந்தது. பெற்றோர் கூட்டத்திலும் உங்களில் பலர் இதே குறையைச் சொன்னீர்கள். குறை நியாயமானதே, கையாண்ட வழிதான் சரியில்லை.

ஒரு கோப்பைத் திறக்கும்போது அதை மட்டும் அப்போதே சோதிக்கும் உடனடிப் பாதுகாப்புக்குச் சுமை குறைவு. அதை எந்நாளும் நிறுத்தக் கூடாது. கணினியைத் தவழ வைப்பது பெரும்பாலும், சேமித்துள்ள எல்லாக் கோப்புகளையும் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்கும் முழு ஸ்கேன்தான். நாம் வேலை செய்துகொண்டிருக்கையில், விண்டோஸுடன் வரும் டிஃபென்டர் என்ற ஆன்டிவைரஸ், நேரம் குறித்துத் தானாக ஓடும் தன் ஸ்கேனுக்குச் செயலியின் (பிராசசர்) திறனில் சராசரியாக 50 விழுக்காட்டுக்கு மேல் எடுக்காதிருக்க முயலும். ஆயினும் பழைய கணினிகளில் நெரிசல் செயலியில் அன்று, ஹார்ட் டிஸ்கில்தான் ஏற்படுகிறது. சுழலும் தட்டின் மேல் நகரும் படிப்பு முனை ஸ்கேனுக்கும் பிள்ளையின் பாடத்துக்குமாக மாறி மாறி அலைய வேண்டியிருக்கிறது. சுழலும் பாகங்களே இல்லாத எஸ்எஸ்டி என்ற சேமிப்பகம் பொருத்திய கணினியில் இத்தொல்லை வெகுவாகக் குறையும்.

நாங்களும் இதில் தவறியவர்களே. ஆய்வகத்தில் முழு ஸ்கேன் காலை இரண்டாம் பாடவேளையில் தொடங்கும்படி அமைந்திருந்தது. பைத்தான் என்ற கணினி மொழியின் செய்முறைக்கு வந்த பிள்ளைகள் திரையைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். அதை வெள்ளிக்கிழமை மதிய உணவு வேளைக்கு மாற்றிய பின் ஒரு புகாரும் இல்லை. வீட்டிலும் வாரம் ஒருமுறை, யாரும் கணினியைத் தொடாத நேரத்தில் முழு ஸ்கேன் ஓடட்டும். மற்ற நாள்களுக்கு, வைரஸ் வழக்கமாக ஒளியும் இடங்களை மட்டும் பார்க்கும் விரைவு ஸ்கேன் போதும். லேப்டாப்பாக இருந்தால் சார்ஜரில் இணைத்து, மெத்தையில் அல்லாமல் மேசை மீது வையுங்கள். நம் வேலூர் வெயிலில் சூடேறிய செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பழி என்னவோ ஆன்டிவைரஸ் மேல் விழும்.

இன்னும் கூடுதல் பாதுகாப்பு என்றெண்ணி இரண்டு ஆன்டிவைரஸ்களைப் போட வேண்டாம். ஒரே கோப்பை இரண்டும் சோதிக்க முற்பட்டு வேகம் மேலும் கெடும்.

வரும் திங்கள் முதல், பென் டிரைவின் மேல் வலது கிளிக் செய்து வீட்டிலேயே ஸ்கேன் செய்த பிறகே கொடுத்தனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆய்வகத்தில் அதற்கென ஒதுக்கிய கணினியில் ஆசிரியர் மீண்டும் ஒருமுறை சோதித்த பின்னரே மற்றக் கணினிகளில் செருக அனுமதிப்பார்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்