மானுக்கு எதற்கு சிப்ஸ்?

ஆசிரியருக்கு,

சென்ற மாதம் அந்தமானில், 2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் பெயரில் இருக்கும் ராஸ் தீவுக்குப் போயிருந்தோம். 1941 நிலநடுக்கத்தில் நொறுங்கி, மறு ஆண்டே ஜப்பானியர் கைக்குப் போன ஆங்கிலேயர் தலைமையிடம் அது. கூரையில்லாத கட்டடச் சுவர்களை அத்தி இன மரங்களின் வேர்கள் விரல் விரலாகக் கவ்விப் பிடித்திருக்கின்றன, பார்த்துக்கொண்டே நிற்கலாம். யார் நிற்கிறார்கள்? கூட்டமெல்லாம் புள்ளிமான்களைச் சுற்றித்தான். ஒரு மான் சிப்ஸ் பாக்கெட்டையே மென்றுகொண்டிருந்தது. பிடுங்கப் போனேன், உறையோடு ஓடிவிட்டது. அந்தமானுக்கு மான்களைக் கொண்டுவந்து விட்டதே ஆங்கிலேயர்தான். சரி, அதற்காகப் பிளாஸ்டிக்கைத் தின்னக் கொடுப்பதா? படகு ஏறும் இடத்திலேயே பயணிகளிடமிருந்து தின்பண்டங்களை வாங்கி வைத்து, திரும்பும்போது கொடுக்கலாமே.

ஒரு வாசகர்