பென்சிலால் எழுதிய கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த புத்தகக் காட்சிச் சிறப்புப் பகுதியைப் படித்தேன். எழுத்தாளர், பதிப்பாளர், அட்டை வடிவமைத்தவர் பேசியிருக்கிறார்கள். ஏன், அச்சகக்காரர்கூடப் பேசியிருக்கிறார். பிரதியைச் செம்மை செய்கிறவர், அதாவது எடிட்டர்தான் ஒருவரும் இல்லை. இருபது வருடம் அந்த வேலையைப் பார்த்தவன் என்பதால் கொஞ்சம் சுருக்கென்றது.

நம் ஊரில் இதையும் 'ப்ரூஃப் பார்க்கிறது' என்றே சொல்லிவிடுகிறார்கள். மெய்ப்புப் பார்ப்பது, அச்சுக்காகப் பக்கம் கட்டிய பிறகு நடப்பது. எழுத்துப்பிழை, விட்டுப்போன வரி, ஒற்று எல்லாம் அதில் அடங்கும். அதுவும் லேசுப்பட்டதில்லை, 'வேலை கொடு' என்பதில் ஒரு 'க்' கூடினால் முருகன் கையில் இருப்பதைக் கேட்டதாகிவிடும். செம்மையாக்கம் அதற்கெல்லாம் முன்னால், பிரதி பிரதியாகவே இருக்கும்போது நடக்க வேண்டியது.

ஒருமுறை ஒரு நாவல் வந்தது. பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கையில் தஞ்சாவூர்ப் பக்கம் குறுவை நடவு, பெண்கள் பாடிக்கொண்டே நாற்று நடுகிறார்கள். எழுத்துப்பிழை ஒன்றும் கிடையாது. எந்த மென்பொருளும் அதில் கை வைக்காது. ஆனால் குறுவை என்பது வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, ஆடிக்குள் நட்டு, புரட்டாசி வாக்கில் அறுக்கிற பயிர். பொங்கல் சமயத்தில் வயலில் நிற்பது சம்பா, அதுவும் அறுப்புக்கு. 'இப்போது குறுவையா?' என்று ஓரத்தில் பென்சிலால் எழுதி அனுப்பினேன். எழுத்தாளருக்குக் கோபம். இரண்டு நாள் கழித்து அவரே போன் செய்தார். நடவை அறுவடையாக மாற்றப்போய் அந்த அத்தியாயமே வேறு மாதிரி வந்துவிட்டதாம்.

இப்படிக் கேள்வி கேட்பதைத் தன் க்ரியா பதிப்பகத்தின் முக்கிய வேலையாகவே வைத்திருந்தவர், 2020-ல் மறைந்த க்ரியா ராமகிருஷ்ணன். அவர் 1992-ல் கொண்டுவந்த தற்காலத் தமிழ் அகராதி இன்னும் என் மேசையில், முதுகு பிய்ந்த நிலையில் இருக்கிறது.

இன்று பல இடங்களில் நடப்பது வேறு. ஜனவரிக் காட்சிக்கு டிசம்பரில் பிரதி வருகிறது, வந்த வேகத்தில் பக்கம் கட்டப் போய்விடுகிறது. அதற்கு அப்புறம் எங்கே கேள்வி கேட்பது? கேட்டால் பக்கம் ஓடிவிடும், வரிகள் அடுத்த பக்கத்துக்குத் தள்ளிப்போகும் என்பார்கள்.

பதிப்பாளர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உரிமை, விலை, அச்சகம் எல்லாம் போடுகிற பக்கத்தில் செம்மை செய்தவர் பெயரையும் போடுங்கள். பெயர் போட்டால் வசவும் எங்களைத் தேடி வரும். வரட்டும். பெயர் போட வேண்டும் என்றாலே, அப்படி ஒருவரைத் தேடிப் பிடித்தாக வேண்டுமே!

அப்புறம், உங்கள் சிறப்புப் பகுதியின் முதல் பக்கத்திலேயே 'பன்னிரெண்டு நாட்கள்' என்று இருக்கிறது. பன்னிரண்டு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செம்மையாக்குநர்,
கும்பகோணம்.