ரேமாக்கைப் பார்த்தேன்

அன்புள்ள சேது,

ஏழு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. கோபமாகத்தான் இருப்பாய், நியாயம்தான். முட்டி வலி எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் நலம், பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன சனிக்கிழமை மகள் என்னை மவுண்டன் வியூவில் இருக்கும் கணினி வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனாள். அங்கே ரேமாக்கை ஓட்டியே காட்டினார்கள், சேது! ஐபிஎம் கம்பெனி 1956-இல் வெளியிட்ட அதே ரேமாக், உலகத்தின் முதல் ஹார்ட் டிஸ்க். 24 அங்குலத் தட்டுகள் 50, ஒன்றன்மேல் ஒன்றாக, நிமிடத்துக்கு 1,200 சுற்று. பக்கத்தில் ஒரு கை. வேறு தட்டுக்குப் போக வேண்டுமென்றால் அது முழுக்க வெளியே வந்து, விறுட்டென்று மேலேயோ கீழேயோ ஓடி, இன்னொரு இடுக்கில் நுழைகிறது. கையின் நுனியில், தட்டில் எழுதவும் படிக்கவும் செய்யும் தலை. அது தட்டில் உரசாமல் தாங்குவது கம்பிரசர் காற்று. எடை ஒரு டன்னுக்கு மேல், கொள்வது 50 லட்சம் எழுத்து. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம்ம பழைய கம்ப்யூட்டர் ஏ.சி. ரூமும், செருப்பைக் கழற்றச் சொல்லி "செருப்பு! செருப்பு!" என்று பட்டாளத்தார் போடும் சத்தமும்தான் ஞாபகத்துக்கு வந்தன.

அதைச் செய்த குழுவின் தலைவர் ரெனால்டு ஜான்சன் யார் தெரியுமா? மிச்சிகனில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். பரீட்சைத் தாள் திருத்த ஒரு மெஷின் கண்டுபிடித்தார், ஐபிஎம் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. 1952-இல் சான் ஹோசேக்குப் போய் ஒரு சின்ன ஆய்வகம் தொடங்கு என்று அனுப்பினார்கள். தலைமையகம் நாட்டின் அந்தக் கோடியில், இவர் இந்தக் கோடியில். தட்டில் காந்தப் பூச்சை ஒரே சீராக எப்படிப் பூசுவது என்று அவர்கள் திண்டாடியிருக்கிறார்கள். கடைசியில் இரும்பு ஆக்சைடு பெயிண்ட்டைப் பட்டுக் காலுறையில் வடிகட்டி, காகிதக் கப்பில் அளந்து, சுற்றுகிற தட்டின் நடுப்பக்கமாக ஊற்றினார்கள். சுற்றுகிற வேகத்தில் அது தானாக விளிம்புவரை பரவிவிட்டது. உன் அம்மா காடாத் துணியில் பாகு வடிகட்டுவார்களே, அந்தக் கைப்பக்குவம்தான்.

அப்புறம், நீ தோற்ற பந்தயம் ஒன்று பாக்கி இருக்கிறது. வின்செஸ்டர் டிஸ்க் என்கிறோமே, அது டிஸ்க் செய்த ஊரின் பேர் என்று அடித்துச் சொன்னாயே? 1973-இல் வந்த ஐபிஎம் 3340 டிஸ்க்கை முதலில் 30 மெகாபைட் வீதம் இரண்டாக யோசித்தார்களாம். 30-30 என்றதும் அதன் பொறியாளர் கென்னத் ஹாட்டனுக்கு வின்செஸ்டர் 30-30 துப்பாக்கி நினைவுக்கு வர, அந்தப் பேரே நின்றுவிட்டது. இரண்டு பிளேட் பஜ்ஜி எடுத்து வை.

இப்போது என் ஆற்றாமையைச் சொல்கிறேன். எட்டு அங்குல ஃபிளாப்பியும் ஐபிஎம்மின் இந்த டிஸ்க் பிரிவிலிருந்து வந்ததுதான், 1971-இல். மிக மெல்லிய காந்தப் புலத்தையும் உணர்கிற ஜிஎம்ஆர் தலையை 1997-இல் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்ததும் இவர்கள்தான். அந்த இயற்பியலைக் கண்டுபிடித்த இருவருக்குப் பின்னால் நோபல் பரிசே கிடைத்தது. ஆனால் 1997-க்குப் பிறகு ஐந்தே வருஷம். 2002-இல் மொத்தப் பிரிவையும் 205 கோடி டாலருக்கு ஜப்பானின் ஹிட்டாச்சிக்கு விற்க ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். 2012-இல் அது வெஸ்டர்ன் டிஜிட்டலுக்குக் கைமாறியது. டிஸ்க் விலை சரிந்துகொண்டே போனது, லாபம் மெலிந்தது, கணக்குப் பார்த்தால் புரிகிறது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. பெற்ற வீடே பிள்ளையைத் தத்துக் கொடுத்த மாதிரி இருக்கிறது. ஜான்சன் 1998-இலேயே போய்விட்டார், இதைப் பார்க்க அவர் இல்லை.

அந்தத் தீபாவளிக்கு முந்தின ராத்திரி தலை விழுந்து கீறிய தட்டை நீ வீட்டுக்கு எடுத்துப் போனாயே, பரணில் இன்னும் இருக்கிறதா? மருமகள் சுத்தம் செய்கிறேன் என்று இரும்புக் கடைக்குப் போட்டுவிடப் போகிறாள். இன்றைக்கே ஏறிப் பார்க்கச் சொல். நீ ஏறாதே, முட்டி இருக்கிறது. தை பிறந்ததும் வருகிறேன், வந்து நானே வாங்கிக்கொள்கிறேன். பேரனுக்கு அந்தக் கீறலைக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
உன் ராகவன்