யயாதியைப் படித்த பிறகு

அன்புள்ள மகனுக்கு,

இம்மாதமும் முதல் தேதியன்றே பணம் வந்து சேர்ந்தது. வங்கியின் குறுஞ்செய்தியை அம்மாவிடம் படித்துக் காட்டியபோது, "அவன் ஏதாவது எழுதியிருக்கிறானா?" என்று வழக்கம்போலக் கேட்டாள். நீ நலமாக இருப்பதை இப்போதெல்லாம் நீ நடிக்கும் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். சென்ற வாரம் வந்த மருத்துவமனைக் காட்சிகளில் உன் முகம் வாடியிருந்தது ஒப்பனையா, உண்மையா என்று அவளுக்கு இன்னும் சந்தேகம். வேளைக்குச் சாப்பிடு.

நீ விட்டுச் சென்ற புத்தகங்களில் கன்னட நாடகாசிரியர் கிரீஷ் கர்னாட்டின் 'யயாதி' நாடகத்தின் ஆங்கிலப் பிரதியை எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்து முடித்தேன். மகாபாரதத்தில் நமக்குத் தெரிந்த கதைதான். சாபத்தால் மூப்படைந்த யயாதி தன் பிள்ளைகளிடம் இளமையை யாசிக்க, பூரு தன்னுடையதைக் கொடுத்துவிட்டு அப்பாவின் கிழத்தனத்தை வாங்கிக்கொள்கிறான். அதில் கர்னாட் சேர்த்த பாத்திரம் பூருவின் மனைவி சித்ரலேகா. இளைஞனை மணந்து வந்தவள் ஒரே இரவில் கிழவனின் மனைவியாகி, அதைத் தாங்க மாட்டாமல் உயிரை விடுகிறாள். ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு புறப்படவிருந்த இருபத்திரண்டு வயதுப் பையன், போனால் திரும்பி வருவானோ மாட்டானோ என்று வீட்டார் கலங்கிக்கொண்டிருந்த நாட்களில் இதை எழுதினான் என்பதை எண்ணிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் கவிஞனாக வேண்டும் என்பதே அவனுடைய கனவு. வந்ததோ கன்னடத்தில் ஒரு நாடகம். வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாததைப் புராணத்தின் வாயில் போட்டுச் சொல்லிவிட்டான். 1961-இல் அது அச்சாயிற்று. அதை அவனுடைய அப்பா எப்படிப் படித்திருப்பார் என்பதே எனக்கு இரண்டு நாளாக யோசனை.

கர்னாட் திரும்பி வந்தார்; வந்ததும் நாடகமே கதி என்று வேலையில்லாமல் உட்கார்ந்துவிடவில்லை. 1963 முதல் 1970 வரை நம் சென்னையில் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே 'துக்ளக்' நாடகத்தை எழுதினார், மெட்ராஸ் பிளேயர்ஸ் நாடகக் குழுவில் நடித்தார். 1970-இல் 'சம்ஸ்காரா' படத்துக்குத் திரைக்கதை எழுதி, அதன் நாயகன் பிராணேசாச்சாரியராகவும் நடித்தார். படம் பேர் வாங்கியது. ஆனாலும் அடுத்த ஆண்டே 'ஹயவதனா' நாடகம் வந்தது. அவர் நடித்த பாத்திரங்களில், 'மந்தன்' படத்தில் பால் கூட்டுறவுச் சங்கம் அமைக்க ஊருக்கு வரும் கால்நடை மருத்துவரையும், தூர்தர்ஷனில் 'மால்குடி டேஸ்' சுவாமியின் அப்பாவையும் நீ எத்தனையோ முறை எனக்கு விளக்கியிருக்கிறாய். சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்தபோது கவிஞரும் நாட்டுப்புறவியல் அறிஞருமான ஏ.கே. ராமானுஜன் சொன்ன நாட்டுப்புறக் கதைகளைக் கொண்டு அவர் 'நாகமண்டலா' நாடகத்தை எழுதியதையும் உன்னிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

'காதலன்' வந்தபோது நீ சிறுவன். படம் பார்த்துவிட்டு வந்து, என் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் அந்த கவர்னரைப் போல நடந்து காட்டி, பால்காரரைக் கைது செய்யச் சொன்னாய். வெடிகுண்டுச் சதி செய்யும் வில்லனாக வந்தவர் இவ்வளவு பெரிய நாடகாசிரியர் என்பது அன்று எனக்குத் தெரியாது. அது 1994; அதற்கு அடுத்த ஆண்டே 'அக்னி மத்து மளே' நாடகம் வெளிவந்தது. சினிமா தனக்குப் பிழைப்பு, நாடகம் எழுதுவதே தன் வேலை என்பதை அவர் எந்நாளும் மறைத்ததில்லை. ஆகவே தொடரில் மூத்த மாப்பிள்ளையாக நடிப்பதற்கு நீ கூச வேண்டிய அவசியமே இல்லை. எதிர்வீட்டுக்காரர்கள் உன்னைப் பற்றி விசாரிக்கும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. பெரிய அத்தை மட்டும் "நாடகம் சோறு போடாது என்று அன்றைக்கே சொன்னேன்" என்கிறாள். சித்தப்பா விஷயத்துக்குப் பிறகு அவள் அப்படித்தான் பேசுவாள், பொருட்படுத்தாதே. ஆனால் நீ தொலைபேசியில் "ஷூட்டிங் இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன்" என்று வைத்துவிடுகிறாயே, அது மட்டும் சரியில்லை.

2019 ஜூன் 10 உனக்கு நினைவிருக்கும். காலையில் பெங்களூரில் கர்னாட்டும், பிற்பகலில் சென்னையில் கிரேசி மோகனும் போனார்கள். நாடகம் எழுதி, மேடையில் நடித்து, திரைக்கும் போன இருவரை ஒரே நாளில் இழந்துவிட்டோம் என்று நீ அன்றிரவு வெகுநேரம் பேசினாய். மோகனும் உன்னைப் போல இயந்திரவியல் படித்துத் தொழிற்சாலை வேலைக்குப் போனவர்தானே என்று நான் இடையில் சொன்னதற்கு, "அவர் எழுதுவதை நிறுத்தவில்லை அப்பா" என்றாய். இத்தனை சிரிக்கவைத்த மனிதருக்காகத் தொலைபேசியில் உன் குரல் கம்மியது. நீ அவ்வளவு நேரம் என்னோடு பேசியது அதுவே கடைசி என்று நினைக்கிறேன்.

பரணைச் சுத்தம் செய்தபோது உன் நீல நோட்டு கிடைத்தது. அனுமதியின்றிப் படித்தேன், கோபித்துக்கொள்ளாதே. இரண்டாம் அங்கத்தில், கிணற்றடியில் அண்ணனும் தம்பியும் பேசும் இடம் நன்றாக இருக்கிறது. அந்தத் தம்பியின் பேச்சு யாருடையது என்று எனக்குத் தெரியும், அத்தைக்குத் தெரிந்தால் ஊரைக் கூட்டிவிடுவாள். அதற்குப் பின் அடைப்புக்குறிக்குள் 'அவன் எழுகிறான்' என்று ஒரு குறிப்பு. மீதிப் பக்கங்கள் எல்லாம் வெறுமையாக இருக்கின்றன. தேதியைப் பார்த்தேன். அம்மாவின் அறுவை சிகிச்சைக்கும் வீட்டுக் கடனுக்கும் நீ பொறுப்பேற்றுக்கொண்ட மாதம் அது.

இதைத்தான் கேட்க நினைத்து, சுற்றி வளைத்து யாரோ ஒருவரின் வாழ்க்கையை உனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீ எழுதுவதை விட்டது எங்களுக்காகவா? ஆம் என்றாலும் இல்லை என்றாலும் மழுப்பாமல் எழுது. கடன் பங்குனியோடு தீர்கிறது. என் ஓய்வூதியம் எங்கள் இருவருக்கும் தாராளமாகப் போதும். அம்மாவின் மாத்திரைச் செலவையும் சேர்த்தே கணக்குப் பார்த்துவிட்டேன். சித்திரை முதல் நீ அனுப்பும் பணத்தை நான் தொடப்போவதில்லை, உன் பெயரிலேயே போட்டு வைப்பேன். தொடரை விட்டுவிடு என்று சொல்லவில்லை, வாடகை கொடுக்க வேண்டும், நடி. படப்பிடிப்பு இல்லாத நாளில் என்ன செய்கிறாய் என்பதே என் கேள்வி.

நோட்டைக் கூரியரில் அனுப்பட்டுமா, அல்லது நீயே வந்து எடுத்துக்கொள்கிறாயா? வருவதாக இருந்தால் இரண்டு நாள் முன்னதாகச் சொல். அம்மா அதிரசத்துக்கு மாவு இடிக்க வேண்டும் என்கிறாள்.

இப்படிக்கு,
அப்பா